கூச்சமும் கெண்டைக்காலும்

கலஹாவில் வாழ்வோருக்கு நடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கடைத்தெருவுக்கு வருவதென்றாலும், கோயிலுக்குப் போவதென்றாலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்வதென்றாலும், ஏற்றமும் இறக்கமுமான வழியை மிதித்தே ஆகவேண்டும். சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களோ, காலையில் பெரட்டு முடிந்து மலையேறினால், அந்திக் கொழுந்து நிறுத்து முடியும்வரை கால்களுக்கு ஓய்வு கொடுப்பதில்லை.

நடை எங்கள் பரம்பரைச் சொத்து. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் எங்கள் ஊருக்கு அண்மையில்தான் இருக்கிறது. அதற்கும் முந்திய கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியிலேயே மாண்டுபோனவர் பலர் என்பதைச் சரித்திரம் படிக்கும் மாணவர் அறிவர்.

அவர்களுடைய சந்ததியாருட் சிலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குடியேறியிருக்கின்றனர். வேறு சிலர் வளைகுடா நாடுகளில் தொழில் புரிகின்றனர். பேரப்பிள்ளையைப் பார்க்க வாருங்கள் என்று மகன் அனுப்பும் விமானச் சீட்டு, லயத்து வாசலுக்கே வந்து சேர்கிறது. நடந்து வந்த சமூகம் இப்போது உட்கார்ந்தபடியே கடல் கடக்கிறது. இந்த உட்காருதலைப் பற்றித்தான் வாசகர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன். அதிலும் ஓர் அபாயம் உண்டு என்பதை எங்கள் குடும்பம் அனுபவத்தில் கண்டறிந்தது.

ஒரு காலில் மாத்திரம் வீக்கம்

என் மூத்த சகோதரி முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறித்து மகனைப் படிக்கவைத்தவர். மகன் கனடாவில் உத்தியோகம் பெற்றுக் குடும்பமாக வாழ்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் தாயை அழைத்துக்கொண்டான். மூன்று மாதம் அங்கே தங்கியிருந்துவிட்டு அக்கா ஊர் திரும்பினார். வந்த நான்காம் நாள், இடது காலில் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றார். பார்த்தால் கால் பருத்திருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். சுளுக்கு என்றார் ஒருவர். குளிர் நாட்டு வாதம் என்றார் மற்றொருவர். அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் தைலத்தைச் சூடாக்கிக் கொண்டுவந்து, காலை நன்றாக உருவிவிடுவதற்குத் தயாராக உட்கார்ந்துவிட்டார். அந்த வேளையில், வைத்தியசாலையொன்றில் தாதியாகக் கடமையாற்றும் எங்கள் உறவுக்காரப் பெண் உள்ளே வந்தாள்.

“அத்தை, காலை யாரும் தேய்க்க வேணாம். கொஞ்சம் பொறுங்க” என்றாள்.

பிறகு தையல் நாடாவை வாங்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே மட்டத்தில் சுற்றி அளந்தாள். இடது கால் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் பெருத்திருந்தது. “நெடும் பயணம் போனவங்களுக்கு ரெண்டு காலும் கொஞ்சம் வீங்குறது வழக்கம். அது ஒரு நாள், ரெண்டு நாள்ல வத்திடும். ஒரு கால் மட்டும் வீங்கினா அது வேற சங்கதி. இப்பவே போகணும்” என்று அவள் சொன்னபோது, அவள் குரலில் இருந்த அவசரம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகச் செல்லும் கலஹா வீதியில் அன்றிரவே அக்காவை அழைத்துச் சென்றோம். ஸ்கேன் செய்து பார்த்த டொக்டர், காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது என்று கூறினார். உறைவு வளராமல் தடுப்பதற்கு முதலில் ஊசியும், பின்னர் மூன்று மாதத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். அக்கா குணமடைந்தார். ஆயினும், “அந்தக் கட்டியின் துண்டு ஒன்று கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால்?” என்ற கேள்வி பல நாள் எங்கள் வீட்டில் உறங்கவில்லை.

காலுக்குள் ஓர் இதயம்

ஆகாய விமானத்தில் அமர்ந்திருப்பதற்கும் காலில் இரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு? இதனை அறிய நமது தேகத்தின் அமைப்பைச் சிறிது நோக்கவேண்டும்.

இதயம் இரத்தத்தைப் பாதம்வரை தள்ளி அனுப்புகிறது. அனுப்பிய இரத்தம் மீண்டும் இதயத்துக்கு ஏறி வரவேண்டுமன்றோ? கீழே இறங்குவது எளிது, மேலே ஏறுவதே கடினம் என்பது மலைநாட்டாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரத்தத்தை மீட்டுக் கொண்டுவரும் குழாய்களுக்கு நாளங்கள் என்று பெயர். காலின் ஆழமான நாளங்கள் கெண்டைக்காலின் தசைகளுக்கிடையே செல்கின்றன. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது அத்தசைகள் இறுகி நாளங்களைப் பிழிகின்றன. இரத்தம் மேலே எழும்புகிறது. எழும்பிய இரத்தம் திரும்பக் கீழே வழியாதவாறு, நாளங்களுக்குள் சிறு கதவுகள்போன்ற வால்வுகள் அமைந்துள்ளன. இக்காரணம் பற்றியே கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று வைத்தியர்கள் வருணிப்பதுண்டு.

முதலாவது இதயம் நம் விருப்பத்தைக் கேளாமலே வேலை செய்யும். இரண்டாவதோ நாம் அசைந்தால் மாத்திரமே வேலை செய்யும். முழங்காலை மடக்கி, ஆசனத்தின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்த, பல மணிநேரம் ஒரே நிலையில் இருந்தால் அது தொழிலை நிறுத்திவிடுகிறது. இரத்தவோட்டம் மந்தமாகிறது. ஓடாத வாய்க்காலில் சேறு படிவதுபோல, ஓடாத இரத்தத்தில் உறைவு தோன்றக்கூடும்.

ஜெர்மனிய வைத்திய மேதை ருடோல்ஃப் விர்ச்சோ 1856ஆம் ஆண்டளவிலேயே இதனை ஆராய்ந்தார். நுரையீரலில் காணப்படும் இரத்தக்கட்டிகள் பெரும்பாலும் வேறிடத்தில் உண்டாகி, இரத்தவோட்டத்துடன் வந்து அங்கே அடைத்துக்கொள்பவை என்பதை அவர் விளக்கினார். உறைவுக்குரிய காரணங்களை இன்றும் வைத்திய மாணவர்கள் அவர் பெயரால் மூன்றாக வகுத்துப் படிக்கின்றனர்: இரத்தவோட்டம் தளர்தல், குழாயின் சுவர் ஊறுபடுதல், இரத்தம் உறையும் இயல்பு மிகுதல் என்பன அவை.

குற்றம் வானத்துடையதன்று

இந்த நோய் ஆகாய விமானத்துடன் பிறந்ததன்று. 1940ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின்மீது ஜெர்மனிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, மக்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களில் துணி நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். நாற்காலியின் முன்பக்கத்து மரச் சட்டம் அவர்களுடைய தொடையின் அடிப்புறத்தை அழுத்தியது. குண்டுக்குத் தப்பியவர்களுட் சிலர், காலையில் எழுந்து நடக்கும்போது திடீரென விழுந்து இறந்தனர். கீத் சிம்ப்சன் என்ற வைத்தியர் இம்மரணங்களை ஆராய்ந்து, நுரையீரலில் அடைத்த இரத்தக்கட்டியே காரணமென்று அதே ஆண்டில் எழுதினார். உட்காரும் நாற்காலிக்குப் பதிலாகப் படுக்கை வசதி வேண்டுமென்பது அவர் கூறிய பரிகாரம்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1954இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்தியர் ஜோன் ஹோமன்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். 14 மணிநேரம் விமானத்தில் பறந்த 54 வயதான டொக்டர் ஒருவருக்குக் காலில் உறைவு ஏற்பட்ட வரலாறு அதில் இருக்கிறது. மோட்டார் வண்டியிலும் நாடக அரங்கிலும் நெடுநேரம் அமர்ந்தவர்களைப் பற்றியும் அவர் அதிலேயே குறிப்பிட்டார்.

பிற்காலத்தில் இதற்குச் ‘சிக்கன வகுப்பு நோய்’ என்று ஒரு பெயர் வழங்கலாயிற்று. பெயர் பொருத்தமானதன்று. அதிகக் கட்டணம் கொடுத்து அகன்ற ஆசனத்தில் அமர்ந்தாலும், அசையாதிருப்பவருக்கு அபாயம் நீங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2007இல் வெளியாயிற்று. நான்கு மணிநேரமோ அதற்கு மேலோ பயணம் செய்தால் இந்நோயின் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்றும், விமானத்தைப் போலவே பஸ், ரயில், மோட்டார் வண்டிப் பயணங்களுக்கும் இது பொருந்தும் என்றும் அது கூறுகிறது. ஆகவே கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பஸ்ஸில் செல்பவரும் இக்கட்டுரையை வாசிக்கலாம்.

பரீட்சைக்காகப் பொழுதெல்லாம் மேசை முன்னால் குந்தியிருக்கும் மாணவர்களும் ஒரு செய்தியைக் கேட்டுக்கொள்ளட்டும். நியூசிலாந்தில் நாள்தோறும் 12 மணிநேரமும், சில நாட்களில் 18 மணிநேரம்வரையும் கணினி முன் அமர்ந்திருந்த 32 வயது வாலிபர் ஒருவருக்கு இதே நோய் கண்டதை அங்குள்ள வைத்தியர்கள் 2003இல் எழுதினர். இது அரிதாக நிகழ்வது, அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் மணிக்கொரு தடவை எழுந்து முற்றத்தில் நாலடி நடந்தால் படிப்புக் கெட்டுவிடாது.

அபாயம் எவ்வளவு என்பதையும் அளந்தே சொல்லவேண்டும். மேற்கூறிய ஆராய்ச்சியின்படி, நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணம் செய்யும் தேகசுகமுள்ளோரில் ஏறத்தாழ 6,000 பேருக்கு ஒருவரே இந்நோய்க்கு ஆளாகிறார். உறைவு நுரையீரலுக்குச் செல்லும் கடுமையான நிலை இன்னும் அரிது. பாரிஸ் நகரின் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் வந்திறங்கிய 13 கோடிக்கு மேற்பட்ட பயணிகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கணக்கில், இறங்கியவுடன் அந்நிலைக்கு ஆளானவர் 56 பேரே. ஆனால் 5,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்தவர்களிடமே அது பெரிதும் காணப்பட்டது. தூரம் கூடக்கூட அபாயமும் கூடியது.

நம்மவர் பயணத்தின் நீளம்

இனி, கலஹாவிலிருந்து ரொறன்ரோ செல்லும் ஒருவரின் பயணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கட்டுநாயக்கா செல்ல வேனில் நான்கு மணிநேரம். விமான நிலையத்தில் காத்திருப்பது மூன்று மணிநேரம். வளைகுடா நாடொன்றுக்கு நாலரை அல்லது ஐந்து மணிநேரம். அங்கே மறுவிமானத்துக்காகச் சில மணிநேரம். அதன்பின் ஏறத்தாழ 14 மணிநேரம். எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு நாளுக்கு மேலாகிறது! வாழ்நாளெல்லாம் மலையேறிய கால்கள் ஒரு நாள் முழுவதும் மடங்கிக் கிடக்கின்றன. பயணம் விமானத்தில் ஆரம்பமாவதில்லை, வேனிலேயே ஆரம்பமாகிறது என்பதை மறக்கலாகாது.

அக்கா எப்படிப் பயணம் செய்தார் என்று பின்னர் விசாரித்தேன். ஜன்னலோரத்து ஆசனம் கிடைத்ததாம். தமக்கும் நடைவழிக்கும் இடையில் இரண்டு அந்நியர் அமர்ந்திருந்தனர். விமானம் கிளம்பியதும் அவர்கள் உறங்கிவிட்டனர். அக்கா எழுந்திருக்கவே இல்லை. மலசலகூடம் போகவேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை.

“ஏன் அக்கா, கொஞ்சம் எழுப்பியிருக்கலாமே?” என்றேன்.

“உறங்குற மனுசனை எப்படித் தம்பி எழுப்புறது? அது பாவமில்லையா? அதுவும் எனக்கு அவங்க பாஷையும் தெரியாது” என்றார்.

இந்தப் பதிலை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். ஆசனங்களின் நெருக்கத்தையும், பயணத்தின் நீளத்தையும் வைத்திய நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. நம்மவருக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அது கூச்சம். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கலாகாது. நாலுபேர் மத்தியில் எழுந்து நடமாடலாகாது. பெண்பிள்ளை கால் நீட்டி அமரலாகாது என்றெல்லாம் சிறு வயது முதல் ஊட்டப்பட்ட ஒழுக்கம், ஆகாயத்தில் 14 மணிநேரம் ஒரு தாயை அசையவொட்டாமல் கட்டிப்போட்டுவிட்டது. அவ்வொழுக்கத்தை நான் இகழவில்லை; அதில் வளர்ந்தவன்தான் நானும். ஆயினும் அதற்கு விலக்கான இடமும் உண்டு என்பதை முதியோருக்கு எடுத்துச் சொல்வது வீட்டாரின் கடமை. முதன்முறையாக வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் இளம்பெண்ணுக்கும் இதனைச் சொல்லியனுப்பவேண்டும்.

செய்யத்தக்கன

முதலாவது, இருக்கை. முதன்முறை பறப்பவர் எவருக்கும் ஜன்னலோரம் அமர ஆசையிருக்கும். மேகத்தை மேலிருந்து பார்ப்பது இன்பமே. ஆனால் ஜன்னலோரத்தில் அமர்வோர் குறைவாகவே எழுந்திருக்கின்றனர். உறைவு அவர்களிடையே அதிகம் காணப்படுவதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. நெடும் பயணத்துக்கு நடைவழியோர ஆசனமே நன்று. சீட்டு எடுக்கும் பிள்ளைகள் இதனைக் கவனித்து முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, அசைவு. மணிக்கொருமுறை, முடியாவிடில் இரண்டு மணிக்கொருமுறையேனும் எழுந்து நடைவழியில் சென்று வரவேண்டும். எழ இயலாத வேளையில் இருந்த இடத்திலேயே காலுக்கு வேலை கொடுக்கலாம். தையல் இயந்திரத்தை மிதிக்கும் பாங்கில், விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்தவேண்டும். பின் குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்தவேண்டும். இவ்வாறு இருபது தடவை செய்தால் கெண்டைக்கால் இறுகித் தளர்வதை நாமே உணரலாம். அரை மணிக்கொரு தடவை செய்தால் போதும். தையல் இயந்திரம் மிதித்துப் பழகிய நம் தாய்மாருக்கு இதனை மறுபடி கற்பிக்கவேண்டியதில்லை!

மூன்றாவது, உயரம். இது பலர் அறியாத விஷயம். நெதர்லாந்து தேசத்தில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2006இல் வெளியாயிற்று. 190 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட நெட்டையருக்குப் பயணத்தில் அபாயம் அதிகம் என்று அது காட்டியது, இதில் வியப்பில்லை. ஆனால் 160 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கும் விமானப் பயணத்தில் அபாயம் கூடுகிறது என்றும் அது கூறிற்று. ஆசனம் அவர்களுக்கு உயரமாக இருப்பதால் பாதம் தரையில் படியாமல், அதன் விளிம்பு தொடையை அழுத்துகிறதென்று காரணம் ஊகிக்கப்படுகிறது. ஐந்தேகால் அடிக்கும் குறைந்தவர்களே நம் பெண்களிற் பலர். பாதத்தின் கீழ் ஒரு சிறு கைப்பையை வைத்துக்கொண்டால் கால் ஊன்ற இடம் கிடைக்கும். அதே வேளையில், கால் நீட்ட இடமில்லாதவாறு முன் ஆசனத்தின் கீழே பெரிய பையைத் திணித்துவிடக் கூடாது.

நான்காவது, தண்ணீர். நீர் குறைந்தால் அதனாலேயே உறைவு வந்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று கிடைத்திலது. ஆயினும் தண்ணீர் அருந்துவதால் ஒரு நன்மை நிச்சயம்: அருந்தியவர் எழுந்து போயே ஆகவேண்டும்! மதுவகையும் தூக்க மாத்திரையும் மனிதரை ஒரே நிலையில் மரக்கட்டையாகக் கிடத்திவிடும். ஆதலால் அவை பயணத்துக்கு ஆகா.

ஐந்தாவது, அழுத்தக் காலுறை. கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே வரவரத் தளர்வாகவும் நெய்யப்பட்ட, முழங்கால்வரை அணியும் காலுறை இது. இலண்டனில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 231 பயணிகளைக் கொண்டு செய்த பரிசோதனையின் முடிவு 2001இல் வெளியாயிற்று. காலுறை அணியாதவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அவரே அறியாதபடி கெண்டைக்காலில் சிறு உறைவு உண்டாகியிருந்தது. அணிந்தவர்களில் எவருக்கும் அவ்வுறைவு காணப்படவில்லை. பின்னர் நடந்த பரிசோதனைகளும் இதனை ஆதரிக்கின்றன. காலின் சுற்றளவை அளந்து, பொருந்தும் அளவையே வாங்கவேண்டும். பொருந்தாத காலுறை ஒரிடத்தில் சுருண்டு கயிறுபோல் இறுக்கும். நீரிழிவினாலோ வேறு காரணத்தாலோ காலுக்குச் செல்லும் இரத்தவோட்டம் குறைந்தவர்கள், வைத்தியரைக் கேளாமல் இதனை அணியலாகாது.

இக்காலுறை எல்லோருக்கும் அவசியமன்று. முன்னர் ஒருமுறை உறைவு கண்டவர், அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோயாளர், கர்ப்பிணிகள், அண்மையில் குழந்தை பெற்றவர், கருத்தடை மாத்திரை உட்கொள்வோர், மிகப் பருத்த தேகமுடையோர், காலில் கட்டுப் போட்டிருப்போர், நெருங்கிய உறவினரில் இந்நோய் உள்ளோர் ஆகியோர் நெடும் பயணத்துக்குச் சில வாரம் முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெறவேண்டும். சிலருக்கு ஊசியோ மாத்திரையோ தேவைப்படலாம். அதனைத் தீர்மானிப்பவர் வைத்தியரே. ‘இரத்தத்தை இளக்கும்’ என்று பிறர் சொன்னதைக் கேட்டு ஆஸ்பிரினை வாங்கி விழுங்கிக்கொண்டு விமானம் ஏறுவது தகாது. பயணத்து உறைவைத் தடுப்பதற்காக மட்டும் அதனை உட்கொள்வதை நிபுணர் குழுக்கள் சிபாரிசு செய்யவில்லை. வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கும் குணமும் அதற்குண்டு.

ஒரு துண்டுக் கடிதம்

கூச்சத்துக்கு மருந்து என்ன? எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு வழி கண்டோம்.

இரண்டு வருடத்தின் பின் அக்காவுக்கு மீண்டும் அழைப்பு வந்தது. முதலில் மறுத்தார். டொக்டர் பரிசோதித்து, காலுறைக்கு அளவெடுத்து, அவருக்கேற்ற மருந்தும் எழுதித்தந்து, போய்வரலாம் என்றார். நடைவழியோர ஆசனத்தை மகன் ஒதுக்கினான். ஆனால் மறுவிமானத்தில் இடம் மாறிவிட்டால் என்ன செய்வது? என் மகள் ஒரு சிறு அட்டையில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தாள். ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது. வைத்தியரின் கட்டளைப்படி நான் மணிக்கொருமுறை எழுந்து நடக்கவேண்டும். தங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும்’ என்பது அதன் சாரம்.

அந்த அட்டை அக்காவின் மனத்தில் செய்த மாற்றத்தைக் கண்டு நான் வியந்தேன். வைத்தியரின் கட்டளை என்று எழுத்தில் இருந்தமையால், எழுந்திருப்பது அவருக்கு அடக்கமின்மையாகத் தோன்றவில்லை, கடமையாகத் தோன்றியது. பெரிய விமானத்தில் அவருக்கு நடு ஆசனமே கிடைத்ததாம். பக்கத்தில் இருந்த மனிதர் அட்டையைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, தமது நடைவழியோர ஆசனத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தாராம். “அந்த மனுசன் அதுக்கப்புறம் நிம்மதியா உறங்கினாரு. நான்தான் உறங்காம மணிக்கூட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்று அக்கா கூறியபோது வீடே சிரித்தது.

வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோருக்குக் கம்பளிச் சட்டையும் கடவுச்சீட்டுப் பையும் அனுப்பும்போது, இப்படியோர் அட்டையையும் எழுதி அனுப்புங்கள். அதற்குச் செலவு எதுவுமில்லை.

இறங்கிய பின்பும் கவனம் தளரக்கூடாது. பயணம் முடிந்தவுடன் நோய் வெளிப்பட்டே ஆகவேண்டுமென்பதில்லை. முதல் இரண்டு வாரத்தில் அபாயம் அதிகம். பின்னர் படிப்படியாகக் குறைந்து, ஏறத்தாழ எட்டு வாரத்தில் நீங்குகிறது. ஒரு காலில் மாத்திரம் வீக்கமோ, கெண்டைக்காலில் வலியோ, சூடோ, சிவப்போ கண்டால் தைலம் தேய்க்காமலும் உருவிவிடாமலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அண்மையில் நெடும் பயணம் செய்ததை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, மயக்கம் உண்டானாலோ ஒரு கணமும் தாமதிக்கலாகாது. நம் நாட்டில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

நமது குடும்பங்களில், பயணம் போய் வந்தவரிடம் சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேட்பது வழக்கம். அன்பின் வழக்கம் அது, அப்படியே இருக்கட்டும். அத்துடன் இரண்டு வாரத்துக்கு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: “கால் எப்படி இருக்கிறது? இரண்டும் ஒரே அளவாக இருக்கின்றனவா?”